சீலன் நின்ற இடம்

செப்ரெம்பர் 8, புதன்

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். வாங்குகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் நிலத்தில் இருந்தோம். இயக்கத்திலிருந்து வந்தவர் நீட்டி முழக்கவில்லை.

"நிரந்தரமா வரச்சொல்லிக் கேட்கேல்லை. இது துணைப்படை. ஒரு மாதம் முன்னரங்கிலை நிண்டால் காணும். மாதம் முடிய அடுத்த ஊர் ஆக்கள் வந்து மாத்துவினம்."

வன்னியில் ஊர் ஊராக இதே கேள்வி போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இன்று வந்தது.

முதலில் எழும்பினது சீலன். என் மனைவி சுகிர்தாவின் தம்பி. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், கலியாணப் பேச்சும் நடக்கிறது. பேரைக் கொடுத்துவிட்டு, தேர் இழுக்கப் போகிறவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்து இருந்தான். பெண்கள் பக்கம் இருந்த சுகிர்தா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நானும் எழும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நான் ஏன் உங்களைப் பாத்தனான் எண்டு விளங்கினதே?"

"விளங்கினபடியால்தானே எழும்பினனான்."

"எனக்கெண்டு மிஞ்சினது அவன் ஒருத்தன்தான். போற மாதிரியே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து விடுங்கோ."

என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் விளங்க வேண்டும் என்றில்லை. நான் வேலை செய்கிற பேக்கரிக்கு மா வருவதே குறைவு, பாண் சுடுகிற போறணை கிழமையில் பாதி நாள் குளிர்ந்து கிடக்கிறது. நான் இல்லாமல் சமாளிப்பார்கள்.

இந்தக் கொப்பியை இன்று தொடங்குகிறேன். எழுதினால் தலைக்குள் இரைச்சல் கொஞ்சம் குறைகிறது.

செப்ரெம்பர் 13, திங்கள்

பயிற்சி. காட்டுக்குள் ஒரு வெட்டை. காலையில் ஓட்டம், பிறகு ஊர்தல், பிறகு மறுபடி ஓட்டம். முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. மாப் பிசைகிற கைக்குப் பலம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். துவக்குக்குத் தேவைப்படுவது வேறு பலம்.

சீலன் சுட்ட ரவை எல்லாம் பலகையில் பட்டது. எனது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "அத்தான், விசையை இழுக்காதேங்கோ, அமத்துங்கோ," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

செப்ரெம்பர் 17, வெள்ளி

தோள் நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. சோறு, பருப்பு, பூசணிக்காய். நேற்றும் அதுதான்.

செப்ரெம்பர் 20, திங்கள்

முன்னரங்குக்கு வந்துவிட்டோம். எங்கள் மாதம் இன்றிலிருந்துதான் கணக்கு.

முன்பு இது வயலாக இருந்திருக்க வேண்டும். வரம்புகள் இன்னும் தெரிகின்றன. குறுக்கே ஆள் உயரத்துக்கு மண் அணை. அணைக்குள் இடைக்கிடை காவலரண்கள், மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டது. காவலரண்களை இணைத்து இடுப்பளவு ஆழத்தில் ஒரு நகர்வகழி ஓடுகிறது. எதிரே பற்றை, அதற்கப்பால் ஆமியின் மண் அணை. அவ்வளவு கிட்ட இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வெள்ளை பெனியன் அங்கே கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் அரணில் நானும் சீலனும். சுடுவதற்கு இரண்டு ஓட்டை. வலப்பக்க ஓட்டையால் வெட்டை முழுதும் தெரியும், அதைச் சீலன் எடுத்துக்கொண்டான். இடப்பக்கம் எனக்கு. பக்கத்து அரணில் வேறு ஊர்க்காரர் ஐந்துபேர். அவர்களில் சவிரிமுத்து அண்ணை என்றொருவர், கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவர். வந்து முதல் கேட்ட கேள்வி, "உங்களிலை ஆருக்குத் தேத்தண்ணி போடத் தெரியும்?"

எங்களுக்குப் பொறுப்பாக நிற்பவன் செழியன். இயக்கப் போராளி. வலது காலை இழுத்து நடப்பான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். "அண்ணை" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறான், ஆனால் சொல்வதை மறுபடி சொல்ல மாட்டான்.

செப்ரெம்பர் 23, வியாழன்

மழை. அரணுக்குள் தண்ணீர். பகல் முழுக்க இறைத்தோம்.

செப்ரெம்பர் 27, திங்கள்

மத்தியானம் செல் அடித்தார்கள். எங்கள் பக்கத்துக்கு இதுதான் முதல் தடவை. ஒருவருக்கும் காயமில்லை. பின்னால் நின்ற வீரமரம் ஒன்று முறிந்தது. நான் தண்ணிக் கானைப் பார்க்க மூலைக்குப் போயிருந்தேன், அதனால் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. சீலன் ஓட்டையை விட்டு அசையவில்லை.

செப்ரெம்பர் 28, செவ்வாய்

வெயில் நன்றாக எறித்தது. சீலன் தன் உடுப்போடு சேர்த்து என்னுடைய சாரத்தையும் தோய்த்துக் காயப்போட்டான். நான் கேட்கவில்லை, அவனாக எடுத்தான். தேத்தண்ணீருக்கு வந்த சவிரிமுத்து அண்ணை, "என்ன தம்பி, அத்தானுக்கு வண்ணான் வேலையும் பாக்கிறியோ?" என்று கேட்டார்.

"சேறு அண்ணை. நேற்று வழுக்கி விழுந்திட்டார்," என்றான் சீலன்.

அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஒக்ரோபர் 1, வெள்ளி

வடிகால் வெட்டினோம். மண்மூட்டை அடுக்கினோம். சோத்துப் பார்சல் பிந்தி வந்தது, பருப்பு புளித்துவிட்டது. சவிரிமுத்து அண்ணை எங்கேயோ தேங்காய்ப் பாதி ஒன்று பிடித்து, செத்தல் மிளகாயைச் சுட்டுக் கல்லில் வைத்து நசித்து ஒரு சம்பல் போட்டார். புளித்த பருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அதோடேயே சோற்றைச் சாப்பிட்டோம். தன் மனுசி றோசலின் இதைவிட நல்லாய்ச் செய்வாள், ஆனால் அவளுக்கு அதைச் சொல்லிவிடாதீர்கள், பிறகு தன்னைச் சமைக்க விடமாட்டாள் என்றார்.

ஒக்ரோபர் 4, திங்கள்

காலையில் ஆமியின் அணைக்கு முன்னால் ஒருவன் வந்து கம்பியைச் சரி பண்ணினான். தேவையில்லாமல் எழும்பி நின்றான். சீலன் ஒரு வெடி வைத்தான். அவன் விழுந்தான். பிறகு இரண்டு பேர் ஊர்ந்து வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். சீலன் அவர்களைச் சுடவில்லை.

செழியன் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனான். சீலன் மத்தியானம் சாப்பிட்டான். பின்னேரம் துவக்கைக் கழற்றித் துடைத்தான், பூட்டினான், திரும்பவும் கழற்றினான்.

"மச்சான், கொஞ்சம் படு. நான் பாக்கிறன்," என்றேன்.

"உங்கடை ஓட்டையை நீங்கள் பாருங்கோ அத்தான்."

ஒக்ரோபர் 9, சனி

இன்று சொல்லிவிட்டான். நகர்வகழியில் விழுந்த மண்ணை இருவரும் வாரிக்கொண்டு நின்றபோது, வானத்தைப் பற்றிக் கதைக்கிற மாதிரிச் சொன்னான்.

"நான் மாதம் முடிய வரேல்லை, அத்தான். நிரந்தரமா நிக்கப்போறன். செழியன் அண்ணையோடை கதைச்சிட்டன்."

செழியன் அவனைவிட வயதில் இளையவன். ஆனாலும் சீலனுக்கு அவன் அண்ணை.

"உன்ரை அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

"உனக்குப் பொம்பிளை பாத்து வைச்சிருக்கு. கடை கிடக்கு. ஒரு மாதமெண்டுதானே வந்தனாங்கள்? நாங்கள் என்ன படிச்ச ராணுவமே? இதை முடிச்சுக்கொண்டு மரியாதையாப் போவம்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீங்கள் எதுக்கு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அக்கா அனுப்பினவ. நீங்கள் போங்கோ அத்தான். உங்களுக்கு இது சரிவராது."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னான். அது எனக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒக்ரோபர் 10, ஞாயிறு

செழியனோடு கொஞ்சம் கதைத்தேன்.

ஒக்ரோபர் 11, திங்கள்

நேற்று எழுதியது ஒற்றை வரி. மிச்சத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பியே எதற்கு?

சீலனுக்கு வலிப்பு இருக்கிறது என்று செழியனிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து இருக்கிறது, வெளியில் தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று வீட்டார் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு வலிப்பு இல்லை. தடிமன் கூட வருவதில்லை.

செழியன் உடனே நம்பவில்லை. "பயிற்சியிலை ஏன் சொல்லேல்லை?"

"அவன்ரை வெக்கம். என்ரையும்தான்."

"வலிப்புக்காரனை லைனிலை வைச்சிருக்க ஏலாது அண்ணை. வலிப்பு வந்து விழுந்தானெண்டால் அவன் மட்டுமில்லை, அந்த அரணே போயிடும். நீங்கள் சொல்லுறது உண்மைதானே?"

"உண்மை."

இன்று காலை சாப்பாடு கொண்டு வந்த உழவு மெசின் திரும்புகிற நேரம் செழியன் சீலனைக் கூப்பிட்டான். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உனக்கு வலிப்பு வாறதோ?"

சீலனுக்கு முதலில் விளங்கவில்லை. "ஆர் சொன்னது?"

செழியனின் கண் என் பக்கம் திரும்பிவிட்டது. சீலன் என்னைப் பார்த்தான். முன்னரங்கில் பொய் சொல்லி ஆளைக் கழற்றினால் என்ன தண்டனை என்று பயிற்சியில் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தந்தது. அதை அவன் மறந்திருக்க மாட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

"ஓம்," என்றான் சீலன். "சின்னனிலையிருந்து இருக்கு."

"அப்ப ஏன் மறைச்சனி? உன்னை நம்பித்தானே அந்த ஓட்டையிலை விட்டனான்?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றான். துவக்கைக் கொடுத்தான், ரவைக்கூடுகள் செருகின கோல்சரைக் கழற்றிக் கொடுத்தான். மெசின் இழுக்கிற பெட்டியில் வெறும் சாப்பாட்டுக் கிடாரங்களுக்கு நடுவில் ஏறி இருந்தான். அவன் சுட்டதை மெச்சின ஐந்துபேரும் அரண் வாசலில் நின்று பார்த்தார்கள். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை.

சுகிர்தா கேட்டதைச் செய்திருக்கிறேன். இதில் வேறு ஒன்றும் இல்லை. வேறு எதற்காகவும் செய்யவில்லை.

ஒக்ரோபர் 12, செவ்வாய்

சீலனின் இடத்துக்குச் சவிரிமுத்து அண்ணையைப் போட்டிருக்கிறார்கள். பாயையும் ஒரு தேத்தண்ணிப் பேணியையும் கொண்டு வந்து சேர்ந்தார். வலப்பக்க ஓட்டையில் நின்று பார்த்துவிட்டு, "நல்ல காத்து வருது. தம்பி நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கிறான்," என்றார்.

ஒக்ரோபர் 15, வெள்ளி

மழை ஓயவே இல்லை. பின்னால் வெள்ளம் பாதையை அறுத்துவிட்டது என்கிறார்கள்.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சவிரிமுத்து அண்ணை திடீரென்று, "குணம், அவனுக்கு வலிப்பு இல்லைத்தானே?" என்றார்.

நான் பேணிக்குள் பார்த்தேன்.

"முதல் கிழமை கம்பி கட்டவெண்டு அந்த வீரமரத்து உச்சியிலை ஏறி நிண்டவன். வலிப்புக்காரன் ஏறுவானே? எனக்கு ஒரு மச்சான் இருந்திருந்தால் நான் புற்றுநோய் எண்டு சொல்லியிருப்பன்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "செழியனுக்கு நான் சொல்லமாட்டன். பயப்பிடாதை," என்றார்.

சீலன் போன பிறகு முதல் தடவையாக நானும் சிரித்தேன்.

ஒக்ரோபர் 20, புதன்

மாதம் முடிந்தது. காலையிலேயே பையைக் கட்டி வைத்துவிட்டேன். மாற்று ஆட்கள் வரவில்லை.

பின்னேரம் செழியன் எல்லோரையும் கூப்பிட்டான். முகம் கறுத்துப் போயிருந்தது. வெள்ளத்தால் மாற்று அணி வழியில் நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்று தெரியாது என்றான். எதிர்ப்பக்கம் இரண்டு நாளாக வாகனச் சத்தம் கூடிவிட்டது. எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"உங்கடை மாதம் முடிஞ்சுது. மறிச்சு வைச்சிருக்க எனக்கு அனுமதியில்லை. போகச் சொல்லவும் மனமில்லை. சாப்பாட்டு மெசின் நிக்குது. போறாக்கள் போகலாம். நான் ஒருத்தரையும் ஒண்டும் சொல்லமாட்டன்."

பிறகு பக்கத்து அரண்காரர் ஒருவர், "நாங்கள் ஒரு மாதமெண்டு சொல்லித்தான் வந்தனாங்கள்," என்றார். அவர் சொன்னது சரிதான். அங்கே மிஞ்சி நின்ற நாலு பேரும் பையை எடுத்தார்கள்.

சவிரிமுத்து அண்ணை எழும்பவில்லை. "ஏன் அண்ணை, வரேல்லையோ?" என்று அவர்கள் கேட்டதற்கு, "நீங்கள் போங்கோ, நான் மாற்று ஆக்கள் வர வாறன்," என்றார்.

அவர்கள் மெசினடிக்குப் போன பிறகு என்னிடம் சொன்னார். "நான் கடற்கரையிலை தொடங்கின ஓட்டம் குணம். ஒவ்வொரு முறையும் எழும்பு, ஓடு, எழும்பு, ஓடு. பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு, சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு. இந்த முறை ஒருத்தரும் என்னை ஓடச் சொல்லேல்லை. இருந்துதான் பாப்பமே. நீ போ, உனக்கு வீடு இருக்கு."

மெசின் பெட்டியில் இடம் இல்லை. அதனால் நானும் நின்றுவிட்டேன்.

ஒக்ரோபர் 21, வியாழன்

பக்கத்து அரணுக்கு இரண்டு போராளிகள் வந்திருக்கிறார்கள். மாற்று அணி நாளை வரும் என்கிறார்கள். பை கட்டினபடியே கிடக்கிறது.

ஒக்ரோபர் 27, புதன். ஆஸ்பத்திரி

வலது கைக்கு ஒன்றும் இல்லை. எழுத முடிகிறது. இடது முன்கை எலும்பு உடைந்திருக்கிறது, தொடையில் செல் துண்டு, எடுத்துவிட்டார்கள். இடது காது கேட்கவில்லை. தாதிப் பிள்ளை என்னோடு கதைப்பதென்றால் கட்டிலைச் சுற்றி மற்றப் பக்கம் வருகிறது.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் தொடங்கியது. இதற்கு முதல் அடித்ததெல்லாம் செல்லே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ண முடியாது, மூச்சு விட இடைவெளி கிடையாது. பனங்குற்றிகளுக்கு இடையால் மண் ஓடி வந்து தலையிலும் வாயிலும் நிறைந்தது. நான் என் ஓட்டையில் நின்றேன். செப்ரெம்பரில் முதல் செல் விழுந்த அன்று நான் தண்ணிக் கானைப் பார்க்கப் போகவில்லை. மூலையில் குந்தி இருந்து, இருந்தபடியே மூத்திரம் போய்ச் சாரத்தை நனைத்துக்கொண்டேன். சீலன் அதைப் பார்த்தான். இந்த முறை அது நடக்கவில்லை. பயம் குறைந்து அல்ல. பயப்படுகிறதுக்குக் கூட இடம் இருக்கவில்லை.

செல் நின்றதும் புகைக்குள்ளால் வந்தார்கள். முதலில் பற்றைதான் அசைகிறது என்று நினைத்தேன்.

"குணம், இந்தா வாறாங்கள். கிட்ட வரட்டும்," என்றார் சவிரிமுத்து அண்ணை. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கிறவரின் குரல். பிறகு, "ம்," என்றார். இரண்டு பேரும் சுட்டோம். விசையை அமத்தினேன், இழுக்கவில்லை. என் வெடி யாரில் பட்டது, பட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரிய விருப்பமும் இல்லை. ஒருவன் வரம்போரத்தில் முழங்காலில் இருந்து எதையோ தடவித் தேடினான். மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம். நான் அவனைச் சுடவில்லை. சவிரிமுத்து அண்ணையும் சுடவில்லை. அடுத்த முறை பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

அவர்கள் பின்வாங்க, திரும்பவும் செல். திரும்பவும் ஆட்கள். செழியன் நகர்வகழியால் ரவை கொண்டு ஓடினான், அந்தக் காலோடு. ஒவ்வொரு முறை கடக்கும்போதும், "இருக்கிறியளோ?" என்று கத்தினான். நாங்கள், "இருக்கிறம்," என்று கத்தினோம்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ ஒரு செல் அணையின் முன்பக்கத்தில் விழுந்தது. என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. எழும்பினபோது ஒரு காதுக்குள் விசில் சத்தம், மற்றது செத்துப் போயிருந்தது. இடது கை என் சொல் கேட்கவில்லை. சவிரிமுத்து அண்ணை வலப்பக்க ஓட்டைக்குக் கீழே இருந்தார். சுவரில் சாய்ந்து, களைத்துப்போய் இருக்கிறவர் மாதிரி. நெஞ்சும் கழுத்தும் ஒரே இரத்தம். நான் என் சாரத் துணியை எடுத்துக்கொண்டு அவரிடம் தவழ்ந்தேன்.

என்னைத் தள்ளினார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"பேயா, என்னைப் பாக்காதை. அங்கை பார்."

நான் அவருடைய ஓட்டைக்குப் போனேன். அவர்கள் அணைக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். கல் எறிந்தால் படும். துவக்கை மண்மூட்டையில் வைத்து ஒற்றைக் கையால் சுட்டேன். செழியனும் இரண்டு போராளிகளும் அந்தப் பக்கத்தால் சுட்டார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் பார்க்க வேண்டாம் என்று சொன்னதால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டையில் ஒன்றும் அசையவில்லை என்று ஆன பிறகுதான் பார்த்தேன். அவர் அதே மாதிரியே சாய்ந்து இருந்தார். கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை, ஓட்டையைப் பார்த்தது.

மத்தியானம் மாற்று அணி வந்தது. இடுப்பு வரை சேறு. ஒரு பெடியன் என்னைத் தூக்கிக்கொண்டு, "உங்கடை இடம் எது அண்ணை?" என்று கேட்டானாம். நான் வலப்பக்க ஓட்டையைக் காட்டி, "சீலன்ரை இடம்," என்றேனாம். செழியன் பிறகு இங்கே வந்து சொன்னான். அவன் அதை ஒரு கேள்வியாகத்தான் சொன்னான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் சொன்னேன். "அவனுக்கு வலிப்பில்லை, செழியன். நான் பொய் சொன்னனான்."

கட்டில் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம்," என்றான் கடைசியில். "நீங்கள் போயிருக்கலாம் புதன்கிழமை. போகேல்லை. அதாலை நீங்கள் இப்ப சொன்னது என்ரை காதிலை விழேல்லை." காலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் 6, சனி

வீடு. சுகிர்தா வாசலில் நின்றாள். என் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அழவில்லை. சீலன் கிணற்றடியில் நின்றான். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுப் பின்பக்கத்தால் போய்விட்டான்.

சாப்பாடு போட்டுத் தந்துவிட்டுக் கேட்டாள். "வலிப்பெண்டு சொல்லி அனுப்பினவையாம். அவனும் ஓமெண்டுதான் ஊரிலை சொல்லுறான். பொம்பிளை வீட்டாரும் கேள்விப்பட்டு வேண்டாமெண்டிட்டினம். அவனைத் தூக்கி வளத்தவள் நான். அவனுக்கு எப்ப வலிப்பு வந்தது?"

"நான்தான் சொன்னனான்."

அவள் எழும்பிப் போய்க் குசினி வாசலில் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது. "நான் கேட்டதைத்தானே செய்தனீங்கள்," என்றாள்.

நவம்பர் 9, செவ்வாய்

பேக்கரிக்குப் போனேன். ஒற்றைக் கையால் மாப் பிசைய ஏலாது. விறகை அடுக்கிக் கொடுத்தேன்.

சீலன் கடையைத் திறக்கிறான், பூட்டுகிறான். ஒரே வீட்டில் இருக்கிறோம். கதை இல்லை.

நவம்பர் 13, சனி

சுகிர்தாவிடம் சவிரிமுத்து அண்ணையைப் பற்றிச் சொன்னேன். எந்த ஓட்டையில், எப்படி என்று. தட்டிக்கு அந்தப் பக்கம் சீலன் நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

அவன் உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். "அந்த மனுசன்ரை வீட்டை போகவேணும். அத்தானுக்கு இடம் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

நவம்பர் 14, ஞாயிறு

சீலன் சைக்கிளை மிதிக்க நான் பின்னால் இருந்து போனேன். இடம்பெயர்ந்தவர்கள் இருக்கிற முகாமுக்குப் போகிற வழி முழுக்கச் சேறு. அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

றோசலின் அக்கா கொட்டிலுக்கு வெளியே விறகு பிளந்துகொண்டு நின்றா. நான் யார் என்று சொன்னதும் கோடாலியைச் சாத்திவிட்டு, சாக்கை விரித்து இருக்கச் சொன்னா. அவரின் படம் ஒன்றும் அங்கே இல்லை. ஓடின ஓட்டத்தில் எங்கேயோ விட்டுவிட்டார்களாம்.

சீலன்தான் தொடங்கினான். "அக்கா, அந்த இடத்திலை நிக்கவேண்டியவன் நான். எனக்குச் சுகமில்லையெண்டு அனுப்பினபடியால்தான் அண்ணையை அதிலை விட்டவை. எனக்கு வலிப்பு..."

இப்போதும் அந்தப் பொய்யைத் தானே தூக்குகிறான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் அதைக் கடைசிவரை தூக்கியிருப்பான்.

"அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா," என்றேன். "அவனை வீட்டுக்கு அனுப்ப நான் பொய் சொன்னனான். அவன் என்னைக் காட்டிக்குடுக்காமல் ஓமெண்டு சொல்லிட்டுப் போனவன். அதாலைதான் உங்கடை மனுசன் அங்கை வந்தவர்."

அவ சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா.

"அவருக்கு இது தெரியுமே?"

"தெரியும். தானாக் கண்டுபிடிச்சவர். சிரிச்சவர்."

"கடைசியா என்ன சொன்னவர்?"

நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். பிள்ளைகளைப் பற்றி, அவவைப் பற்றி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"'பேயா, என்னைப் பாக்காதை, அங்கை பார்' எண்டவர்."

"பேயா எண்டே சொன்னவர்?"

"ஓம்."

அவவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழத் தொடங்கினா. "எனக்கும் அந்தப் பேர்தான். இருபது வருசமா."

சீலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னாலைதான் அக்கா," என்றான். "இல்லை, என்னாலை," என்றேன் நான்.

அவ கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தா. குரல் மாறிவிட்டது.

"பேசாமல் இருங்கோ ரண்டு பேரும். மாதம் முடிஞ்சு அவரோடை நிண்ட மற்ற ஆக்கள் திரும்பி வந்தவை. உந்த வாசலிலை நிண்டு எனக்குச் சொன்னவை, அண்ணையையும் வரச் சொன்னனாங்கள், அவர் தான் நிக்கிறனெண்டவர் எண்டு. மெசின் நிண்டது. வழி இருந்தது. என்ரை மனுசன் வரேல்லை. அவரை ஒருத்தரும் அங்கை கொண்டுபோய் வைக்கேல்லை, அவர் நிண்டவர். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அந்த மனுசன் தானாச் செய்த ஒரேயொரு காரியம் அதுதான். அதை நீங்கள் ரண்டு பேரும் எனக்கு முன்னாலை இருந்து பங்குபோட்டு எடுக்காதேங்கோ."

அவ அடுப்பை மூட்டி வெறுந்தேத்தண்ணி போட்டுத் தந்தா. குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தா. பேணிகளை வாங்கிக்கொண்டு சொன்னா, "இனி வராதேங்கோ. கோவமில்லை. உங்களைக் கண்டால் எனக்கு அந்த இடம்தான் தெரியும்."

விறகு பிளக்கிற சத்தம் முகாம் வாசல் வரை கேட்டது. என் ஒற்றைக் காதுக்கே கேட்டது.

திரும்பும்போது மழை தூறத் தொடங்கியது. சீலன் மிதித்தான், நான் பின்னால் பக்கவாட்டில் இருந்தேன். கேட்காத காது அவன் பக்கம் என்பதால், அவன் ஏதாவது சொல்லி நான் தவறவிடுகிறேனோ என்று தலையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தடியில் பாதை அறுந்து கிடந்தது. அங்கே வேகத்தைக் குறைத்தான்.

"அத்தான்," என்றான். "பள்ளம் வருது. என்னை இறுக்கிப் பிடியுங்கோ."

நல்ல கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.